இடது காதில் சத்தம் வரவில்லை



போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார், வால்வு சூப்பரா எரியுது, பாட்டு எப்படி இருக்கு?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு அப்படியே விட்டுவிட்டேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எடுத்த அன்று பாட்டே வரவில்லை. நீங்கள் பார்த்த ஆரஞ்சு வெளிச்சமும் வால்வின் வெளிச்சம் இல்லை. வால்வு உட்காரும் சாக்கெட்டின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே ஒரு எல்.இ.டி. பல்பு வைத்திருக்கிறார்கள். அழகுக்காக. வால்வு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது எரியும். முப்பத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து, படமும் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக முன்கதை. சிங்கப்பூரில் இருக்கும் 1998 பேட்ச் மாணவர் ஒருவர், "சார், நீங்க வகுப்பில வால்வு ரேடியோ கதை சொல்லுவீங்களே" என்று ஞாபகம் வைத்திருந்து ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் கிட். ஒரு பச்சை சர்க்யூட் போர்டு, பொடிப்பொடியாக ரெசிஸ்டர், கெபாசிட்டர், இரண்டு மாஸ்ஃபெட், அலுமினிய ஹீட் சிங்க், 24 வோல்ட் அடாப்டர், பஞ்சில் சுற்றி ஒரே ஒரு வால்வு. 12ஏயூ7. பழைய ரேடியோக்காரர்கள் ஈசிசி82 என்று சொல்வார்களே, அதேதான். எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் சீரியல் பத்து மணிக்கு முன்னால் முடியாது. காதில் மாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே வழி. அதனால் பரிசு சரியான இடத்துக்குத்தான் வந்தது.

எழுபது வயதில் கை நடுங்கும். பேட்டரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு நாளைக்கு இத்தனை ரெசிஸ்டர் என்று கணக்கு வைத்து ஈயம் வைத்தேன். பதினாறு நாள் ஆனது. நடுவில் இரண்டு நாள் கரண்டு இல்லை. மாகறலில் காற்றடித்தால் கரண்டு போவது உங்களுக்குத் தெரியாததா.

எனக்கு ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. காஞ்சிபுரத்தில் சின்ன ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். லீவு விட்டால் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து அங்கே போய்விடுவேன். எழுபதுகளின் தொடக்கம். மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று மரப்பெட்டி ரேடியோக்கள் வரிசையாக இருக்கும். பஞ்சாயத்து ரேடியோவும் வரும். அது வந்தால் உடனே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் ஊரே கடை வாசலுக்கு வந்து நிற்கும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இலேயே ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்துவிட்டது. பெல் என்று எழுதிய அட்டைப்பெட்டியை சித்தப்பா திறக்கும்போது பக்கத்தில் நின்று மூச்சுகூட விடக்கூடாது.

அந்த ரேடியோக்களுக்குள் 250 வோல்ட் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். நான் ஒரு தடவை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கைவைத்து, ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். சித்தப்பா என்னைத் தூக்கவில்லை. "ரேடியோவை அணைச்சே, அதுக்குள்ள இருந்ததை அணைச்சியா?" என்று மட்டும் கேட்டார். உங்களில் யாராவது ஆசைப்பட்டு முழு வால்வு ஆம்ப்ளிஃபையர் கிட் வாங்கினால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு தொடுங்கள். ஓடுகிற நிலையில் அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்; இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். எனக்கு வந்தது 24 வோல்ட் கிட் என்பதால் அந்தப் பயம் இல்லை. சூடான ஹீட் சிங்க்கில் இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை.

சரி, பழுதுக்கு வருகிறேன்.

படம் எடுத்த அன்று ஹெட்போனில் கேட்டது தூரத்தில் யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். வால்வைத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்புதான். எரிகிற வால்வு அப்படி இருக்காது. வால்வு எப்படி வேலை செய்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? உள்ளே காற்று இல்லை. நடுவில் கேத்தோடு. அதை ஹீட்டர் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் கிளம்பி ஆனோடுக்கு ஓடும். இடையில் இருக்கிற கிரிட் என்ற கம்பி வலை அந்த ஓட்டத்தைத் திறக்கிறது, மூடுகிறது. அடுப்பே பற்றவில்லை என்றால் உலை எப்படிக் கொதிக்கும்? மீட்டரை எடுத்து 4ஆம் பின்னுக்கும் 5ஆம் பின்னுக்கும் நடுவில் அளந்தேன். 6.3 வோல்ட். இந்த வால்வுக்கு அந்த இரண்டு பின்னுக்கு நடுவில் 12.6 வேண்டும். வேறு ரக வால்வும் போடலாம் என்பதற்காக போர்டில் ஒரு ஜம்பர் வைத்திருக்கிறார்கள். அதை நான் தப்பான பக்கம் செருகியிருந்தேன். மாற்றியதும் இரண்டு நிமிடத்தில் வால்வு சூடேறியது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், அந்த எல்.இ.டி. வெளிச்சத்தின் நடுவே, உள்ளே குங்குமப்பொட்டு அளவுக்கு நிஜமான சிவப்பு தெரிந்தது.

முதலில் ஹெட்போன் மாட்டும் இடத்தில் டி.சி. வோல்டேஜ் இருக்கிறதா என்று அளந்தேன். சில மில்லிவோல்ட்தான் இருந்தது. இதைச் செய்யாமல் நல்ல ஹெட்போனைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும். பிறகு பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பழைய இயர்போனைச் செருகிப் பார்த்து, அதன் பிறகுதான் நல்லதை மாட்டினேன்.

வலது காதில் காருகுறிச்சி அருணாசலம். இடது காதில் ஒன்றும் இல்லை.

அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையரில் பழுது என்று தோன்றவில்லை. என் காது போய்விட்டது என்றுதான் தோன்றியது. இரண்டு வருடமாகவே வீட்டில் "கூப்பிட்டது கேக்கலையா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் சீரியல் சத்தத்தின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன நடக்கிறது என்று பார். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இப்போது இடது காதில் நாதஸ்வரம், வலது காதில் மௌனம். காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது! அடுத்து, போனிலிருந்து வரும் ஒயரை இடம் வலம் மாற்றிச் செருகினேன். மௌனம் இடம் மாறவில்லை. அப்படியானால் போனிலும் ஒயரிலும் குறையில்லை. பழுது போர்டின் இடது பாதியில்தான். ஒரு பைசா செலவில்லாமல், மீட்டர்கூட இல்லாமல், முக்கால்வாசி இடத்தைக் கழித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், மறுநாள் பாட்டு வந்தபோதுகூட இல்லை.

மறுநாள் மீட்டரோடு உட்கார்ந்தேன். இந்த வால்வுக்குள் இரண்டு டிரையோடு இருக்கிறது, ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. வலது ஆனோடில் 19 வோல்ட் அளவில் காட்டியது. இடது ஆனோடில் கிட்டத்தட்ட முழு 24. அதாவது இடது பாதியில் கரண்டு ஓடவே இல்லை என்கிற மாதிரி. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று எல்லா இணைப்பையும் திரும்பச் சூடாக்கினேன். மாற்றமில்லை. சிங்கப்பூருக்குச் சொன்னேன். "விடுங்க சார், கஷ்டப்படாதீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு, அசெம்பிள் பண்ணினதே ஒண்ணு அனுப்பிடறேன். இப்பல்லாம் விலை கம்மி சார்" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். இதைப் படித்துக்கொண்டிருப்பார், வருத்தப்படக் கூடாது. ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பதிவே அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையத்திலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். நாற்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். மாகறலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்தார், முட்டிவலி. எலும்பு நோவுக்கு நம் ஊர் சாமியைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், இவருக்குப் பதினாறு கிலோமீட்டர்தானே. மேசை மேலே இருந்த போர்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா இது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கரை போட்டிருக்காங்க?" என்றார்.

ஸ்டீரியோ போர்டு அப்படித்தான். நடுவில் வால்வு, இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அதே அந்தப் பக்கமும். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தார். "இங்க அரக்கு வருது. அங்க அதே இடத்துல காப்பிக்கொட்டை வருது. மாறிப் போச்சே மாமா."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீல நிற ரெசிஸ்டர், ஐந்து வளையம். 1 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, கடைசியில் பழுப்பு. 10 கிலோ ஓம் என்றால் நாலாவது வளையம் மட்டும் சிவப்பு. நீலத்தின் மேல் பூசிய சிவப்பும் பழுப்பும் டார்ச் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இடது பக்கத்தில் ஆனோடில் வரவேண்டிய 10 கிலோவைக் கேத்தோடிலும், கேத்தோடில் வரவேண்டிய 1 கிலோவை ஆனோடிலும் வைத்துவிட்டேன். இப்படி மாறினால் கரண்டு ரொம்பக் குறைவாகத்தான் ஓடும்; பெருக்க வேண்டிய வால்வு சுருக்கும். எல்லாம் கணக்குக்குப் பொருந்தியது. "பி.பி. ராய்" என்று பாட்டாகவே உங்களுக்குக் கலர் கோடு சொல்லிக்கொடுத்து, ஒப்பிக்காதவனை நிற்க வைத்தவன் நான். நியாயமாகப் பார்த்தால் இப்போது நான் பெஞ்ச் மேல் ஏற வேண்டும்.

கழற்றி மாற்ற அரைமணி நேரம். மைத்துனருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்டதற்கு, "தறியை நிறுத்திட்டு நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போடணும். கவனிக்காம நெய்ஞ்சா கோடு விழும், கடையில விலை குறைப்பான்" என்றார். "பாவையே தூக்கிப் போட்டுட்டு வேற பாவு போடுவாங்களா?" என்று கேட்டேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார்.

இப்போது நான் சொல்ல வந்தது. பழுதைத் தேடுவதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பழுதை மறைக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம். நாம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன்.

1991. பிளஸ் டூ மாதிரி செய்முறைத் தேர்வு. மீட்டர் சமனச்சுற்று. கொடுத்த கம்பியின் தன் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கம்பிச்சுருளில் வெட்டிய துண்டுதான். மற்ற குழுக்களுக்கெல்லாம் விடை ஒன்றையொன்று ஒட்டி வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் விலகி வந்தது. "திரும்ப எடு" என்றேன். எடுத்தான். அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான். "சார், நான் சரியாத்தான் சார் எடுக்கறேன். வேற ஏதோ தப்பு இருக்கு" என்றான். எனக்கு நேரமில்லை. வெளியே அடுத்த பிரிவு வரிசையில் நின்றது. "பக்கத்துல என்ன போட்டிருக்கானோ அதைப் போடு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு அழிரப்பரை எடுத்தான்.

கோடை விடுமுறையில் ஆய்வகச் சாமான்களைக் கணக்கெடுக்கும்போது அந்த மேசையின் மின்தடைப் பெட்டியைத் துடைத்தேன். ஒரு பித்தளைச் சாவி குழியில் சரியாக உட்காரவில்லை. குழிக்குள் பச்சைக் களிம்பு. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு ஒன்று, உண்மையில் இருக்கும் அளவு வேறு. அந்தப் பையன் எடுத்த அளவுகள் அத்தனையும் சரி. அன்று வகுப்பில் ஒரு நிஜமான உண்மையைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான், அதை அழிக்கச் சொன்னவன் நான். பொதுத்தேர்வில் செய்முறைக்கு 50க்கு 50 வாங்கினான். அப்போதெல்லாம் 200இல் 50 செய்முறைக்கு. அந்த ஐம்பதை நான் வாங்கிக்கொடுத்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். களிம்பைப் பார்த்த பிறகும் அவனைத் தேடிப் போய்ச் சொல்லவில்லை. அவன் அதற்குமேல் படிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். என் காலத்தைவிட இப்போது வசதி அதிகம். 2016க்குப் பிறகு பல பள்ளிகளுக்கு அடல் டிங்கரிங் லேப் வந்திருக்கிறது. பிள்ளைகள் கையில் கிட் கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் என் பேரன் சொன்னது: வண்டி ஓடாவிட்டால் சார் வேறு கிட் எடுத்துக் கொடுத்துவிடுவாராம், கண்காட்சிக்கு நேரமாகிறதே என்று. எனக்கு அந்த சாரைப் புரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனாலேயே கேட்கிறேன்: வருடத்தில் ஒரே ஒரு நாள், வேண்டுமென்றே ஒரு ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஓடாத வண்டியைக் கையில் கொடுங்கள். எங்கே தேடினான், எதைக் கழித்தான், ஏன் கழித்தான் என்று எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும். தப்பான ரீடிங் எடுத்துவிட்டு, அது ஏன் தப்பு என்று கண்டுபிடித்தவனுக்குச் சரியான ரீடிங் எழுதியவனைவிட ஒரு மதிப்பெண் கூடவே போடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. மிக்ஸி நின்றுவிட்டால் எடைக்குப் போடும் முன்னால் பிள்ளையிடம் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. "கெட்டுப் போனதுதானே, இன்னும் என்ன கெடப் போகுது" என்பது மிக நல்ல பாடத்திட்டம். 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது. உரிமை வந்துவிட்டது, திறந்து பார்க்கிற ஆசை வீட்டிலிருந்துதானே வர வேண்டும்?

எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. மைக்ரோவேவ் அடுப்பைத் தொடாதீர்கள், பழைய பிக்சர் டியூப் டிவியைத் தொடாதீர்கள்; உள்ளே தங்கியிருக்கும் வோல்டேஜ் ஆளைக் கொல்லும். புதுசு வாங்குவதும் பாவமில்லை. ரிச்சி தெருவுக்கு நாலு தடவை அலைந்த பஸ் செலவைக் கூட்டினால் எனக்கே ஒரு புது ஆம்ப்ளிஃபையர் வந்திருக்கும், அந்தக் கணக்கை வீட்டில் ஏற்கனவே போட்டுவிட்டார்கள்.

ஹம் சத்தம் ஒன்று மிச்சம் இருந்தது. வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பைத் தொட்டால் நின்றது, கையை எடுத்தால் வந்தது. அந்த உடம்புக்குக் கிரவுண்டிலிருந்து ஒரு சின்ன ஒயர் இழுத்து ஈயம் வைத்தேன், போய்விட்டது.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: அசெம்பிள் பண்ணியது வேண்டாம். இன்னொரு கிட் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன். பேரனுக்கு.

1991 பேட்ச் பிள்ளைகளுக்கு: அந்தப் பையன் யார் என்று உங்களில் சிலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறான், போன் நம்பர் என்ன என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். மின்தடைப் பெட்டி விஷயத்தை நானே அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அவரவர் ஹெட்போனை எடுத்து வாருங்கள். ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் செருக வேண்டும், இல்லாவிட்டால் காதில் 'டொப்' என்று அடிக்கும். ஹீட் சிங்க்கைத் தொட வேண்டாம்.